'ழ' போட்டுப் பாருங்க

நீங்கள் எல்லோரும் என்னைவிட வேகமாக டைப் அடிப்பீர்கள். கட்டளைகளும் என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் கேட்டவுடன் சொல்லித்தர இப்போது எத்தனையோ வழி வந்துவிட்டது. அதனால் கன்டெய்னரில் ஓடும் டேட்டாபேஸை ஒரு பெரிய வெர்ஷனிலிருந்து அடுத்ததற்கு மாற்ற என்ன கட்டளை போட வேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அதில் பாதி மறந்தே போய்விட்டது. மறக்காமல் இருப்பது ஆட்களும் அவர்கள் பேசிய பேச்சும்தான். அதில் ஒன்றிரண்டைச் சொல்கிறேன். பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டீ ஆறுவதற்குள் குடித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. கன்டெய்னர் என்பது வாடகை வீடு. அதற்குள் குடியிருக்கும் சாமான்தான் நம் டேட்டா. வீட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். சாமானை வால்யூம் என்ற தனி இடத்தில் வைத்திருப்பதே அதற்காகத்தான். ஆனால் பெரிய வெர்ஷன் மாறும்போது புது வீட்டுக்காரருக்குப் பழைய சாமானை அடுக்கிய விதமே புரியாது. கதவைத் திறக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவார். அப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ். கோட்டைப் பாறையில் பட்டுத் திரும்பும் வெயில் மத்தியானம் முழுக்க எங்கள் ஜன்னலில்தான் இருக்கும். சுற்று வட்டாரத்துக் கடைகள், மண்டிகள், ஒரு தனியார் ஆஸ்பத்திரி, இவர்களுக்கு சாஃப்ட்வேர் செய்து கொடுத்து அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் தொழில். கிளவுடில் வையுங்களேன் என்று சென்னையிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். குரங்கு கேபிளைக் கடிக்கும் ஊரில் கிளவுடை நம்பி ஆஸ்பத்திரி நடத்த முடியாது. ஆகவே ஒவ்வொரு இடத்திலும் ஒரு சர்வர், அதற்குள் கன்டெய்னர்கள்.

என்னோடு வேலை பார்த்தவர் அந்தோணி. என்னைவிட வயதில் இளையவர், ஆனால் ஆபீஸ் திறந்த நாளிலிருந்து கூடவே இருந்தவர். கை துறுதுறுவென்று இருக்கும். ஒரு தடவை அவலூர்பேட்டை மண்டியில் டேட்டாபேஸை மாற்றப் போனோம். மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை நான் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்தோணி கான்ஃபிக் ஃபைலில் பழைய வெர்ஷன் எண்ணை அழித்துப் புது எண்ணை எழுதி, கன்டெய்னரை ஏற்றிவிட்டார். அது ஏறவில்லை. ஏறும், விழும், மறுபடி ஏறும், விழும். வெளியே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டையோடு வண்டிகள் நிற்கின்றன. மண்டிக்காரர் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "இன்னா தம்பி, மூட்டைய எறக்கவா வேணாமா? ஒரு வார்த்த சொல்லு" என்று நச்சரிக்கிறார்.

அந்தோணி இன்டர்நெட்டில் தேடிவிட்டார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "அக்கா, கெடச்சிருச்சி. அந்த வால்யூம அழிச்சிட்டு ஏத்துனா ஓடுமாம். நெறைய பேரு ஓடுதுன்னு போட்டுருக்காங்க."

"கைய எடு" என்றேன்.

"ஓடும்க்கா."

"ஓடும். காலி வீட்டுல குடியேர்றதுக்கு இன்னா கஷ்டம்? எடு கைய."

எடுத்தார். பழைய எண்ணையே திருப்பி எழுதினோம், பழைய கன்டெய்னர் ஒன்றும் நடக்காதது மாதிரி எழுந்துகொண்டது. மண்டிக்காரர் மூட்டையை இறக்கப் போய்விட்டார். ஏறமாட்டேன் என்று அடம் பிடிக்கும் டேட்டாபேஸ் நம்மைப் பயமுறுத்துமே தவிர, அதன் சாமான் பத்திரமாகத்தான் இருக்கும். பயந்துபோன கைதான் அதை அழிக்கும். அன்றிலிருந்து அந்தோணி பிரச்சனை என்று வந்தால் முதலில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். நானும் சிரித்திருக்கிறேன், ஆனால் வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஏறாத டேட்டாபேஸ் இப்படி. அதைவிடப் பொல்லாதது ஏறிய டேட்டாபேஸ். ஆஸ்பத்திரிக் கதை அதுதான்.

அதற்கு முன்னால் எங்கள் ஊர் நாக்கைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ழ, ள இரண்டும் ஒரே மாதிரிதான் வாயிலிருந்து வரும். மழையும் மளைதான், பழமும் பளம்தான். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, நானும் தொண்டூர்க்காரிதான், கோபம் வந்தால் எனக்கும் அப்படித்தான் வரும். ஆனால் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இது பெரிய தலைவலி. வாயால் சொன்னதைக் காதால் கேட்டு டைப் அடிக்கிறார்கள். போன மாதம் ஏழுமலை என்று ஏறிய ஆள் இந்த மாதம் ஏளுமலை என்று தேடப்படுகிறார். பெயர் வராது. உடனே எங்கள் ஆபீஸுக்கு போன். நாங்களும் கேள்வியை முழுதாகக் கேட்காமலே சொல்லிவிடுவோம்: "ழ போட்டுப் பாருங்க." வந்துவிடும். ழ போட்டு வராவிட்டால் ள. இரண்டும் போட்டு வராவிட்டால், ஆள் எங்கேயோ வேறு பெயரில் ஏறியிருக்கிறார் என்று புது நோயாளியாகவே புதுச் சீட்டு போட்டுவிடுவார்கள். வருஷக்கணக்காக இப்படியே பழகிவிட்டது, அவர்களுக்கும் எங்களுக்கும்.

ஆஸ்பத்திரி டேட்டாபேஸின் வெர்ஷன் மிகவும் பழையது. இனிமேல் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று அதைச் செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். மாற்றியே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளிநோயாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்து வேலையை வைத்துக்கொண்டோம்.

அங்கே எனக்கும் அந்தோணிக்கும் ஒரு சின்னச் சண்டை. பழைய டேட்டாவைப் புது வெர்ஷனுக்குக் கொண்டுபோக இரண்டு வழி இருந்தது. ஒன்று, முழுதாக நகல் எடுத்து, நகலை மாற்றுவது. நேரமும் இடமும் பிடிக்கும். மற்றது, அதே ஃபைல்களையே புது வெர்ஷனோடு இணைத்துவிடுவது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், ஆனால் புதியது ஒரு தடவை ஓடிவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது. "டிஸ்க்ல எடமே இல்லக்கா, இணைச்சிருவோம். அதுதான் எல்லாரும் பண்றது" என்றார் அந்தோணி. எனக்கு அப்படிப்பட்ட அவசரம் பிடிக்காது. ஆபீஸிலிருந்து இன்னொரு டிஸ்க் கொண்டுவந்து மாட்டும்வரை வேலையைத் தொடமாட்டேன் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்து வந்தார்.

நகலை மாற்றினோம். புது வெர்ஷன் ஓர் உதறல்கூட இல்லாமல் எழுந்தது. நோயாளிகள் எண்ணிக்கை பழையதிலும் புதியதிலும் ஒன்றே. மருந்து, சீட்டு, ஸ்கேன், எதிலும் ஒன்றுகூடக் குறையவில்லை. பெயர் தேடிப் பார்த்தோம். எங்கள் மூன்று பேருக்குமே அந்த ஆஸ்பத்திரியில் சீட்டு உண்டு: எனக்கு, அந்தோணிக்கு, கவுண்டரில் உட்காரும் செல்விக்கு. செல்வி அன்று லீவு என்றாலும் எங்களுக்காக வந்திருந்தார். மூன்று பேரையும் தேடினோம், மூன்று பேரும் வந்தோம். பெரிய டாக்டருக்கு, அவர்தான் ஆஸ்பத்திரியின் சொந்தக்காரர், முடிந்தது என்று சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை காலை போன் வந்தது. அந்தோணி எடுத்தார். செல்வி. பெயர் வரவில்லையாம். "ழ போட்டுப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் மறுபடி. "அப்ப ள போட்டுப் பாருங்க செல்வி. அதுவும் வர்லன்னா புதுசு போட்ருங்க." திரும்பவும் வந்தது. நான் எதிர் மேஜையில் வேறு ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். காதில் விழுந்துகொண்டிருந்ததே தவிர மனதில் ஏறவில்லை. திங்கட்கிழமை கூட்டம், காது கேட்டிருக்காது, கை தவறியிருக்கும் என்று தோன்றியது. யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நான்காவதோ ஐந்தாவதோ போன். அந்தோணி வாயில் பிஸ்கட்டோடு, "ழ போட்டுப் பாருங்க" என்றார்.

ஸ்பீக்கரில் செல்வியின் குரல் கேட்டது. "சார், முருகன் சார். முருகன்ல எங்க சார் நான் ழ போடுறது?"

அந்தோணி என்னைப் பார்த்தார். நான் அந்தோணியைப் பார்த்தேன். அவர் பிஸ்கட்டை மென்றபடியே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கெல்லாம் நேரம் இல்ல, கெளம்பு" என்றேன்.

ஆஸ்பத்திரி பஸ் ஸ்டாண்டு பக்கம். நடக்கிற தூரம்தான், ஆனால் அன்றைக்கு அந்தோணியின் வண்டியில் போனோம். கவுண்டர் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. செல்வி எங்களைப் பார்த்ததும், "சில பேருக்கு வருது மேடம், சில பேருக்கு வர்ல. இன்னா கணக்குன்னே புரியல" என்றார். யாருக்குமே வரவில்லை என்றால் நிம்மதியாக மூடிவிட்டுச் சரி செய்யலாம். சில பேருக்கு வருகிறது என்றால் அது நோய், வெளியே தெரியாத நோய்.

கவுண்டரில் எப்போதும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "பழசா புதுசா?" வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பழசு, பழசு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேஜையில் கிடந்த சீட்டுகளில் பாதிக்கு மேல் புதுசு. அவ்வளவு புது ஆட்கள் ஒரே காலையில் எங்கள் ஊரில் எங்கிருந்து முளைப்பார்கள்?

இதில் சீட்டு இரண்டாகப் போவது பெரிய விஷயமில்லை. அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். எனக்குப் பயம் வேறு. அந்த ஆஸ்பத்திரியில் யாருக்காவது ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால், அவர் பெயரைத் திறந்தவுடன் ஸ்கிரீனில் மேலே ஒரு சிவப்புப் பட்டை வரும். அதை நாங்கள்தான் செய்து கொடுத்தோம். டாக்டர், சிஸ்டர்கள், ஏன், நோயாளிகள்கூட அதை நம்பிப் பழகிவிட்டார்கள். புதுச் சீட்டில் பட்டை வராது. பழைய ஆளைப் புது ஆளாக்கினால் அவர் உடம்பைப் பற்றி அந்த ஆஸ்பத்திரிக்குத் தெரிந்ததெல்லாம் இல்லாமல் போய்விடும்.

"அந்தோணி, பழைய டேட்டா தொடாம அப்படியேதானே இருக்குது? அத பழைய வெர்ஷன்ல பக்கத்துலயே தனியா ஏத்து. யாரும் அதுல எழுதக் கூடாது, படிக்க மட்டும். காலையிலேர்ந்து புதுசுன்னு போட்ட ஆளுங்க போன் நம்பர எல்லாம் அதுல தேடு. யாருக்கு சிவப்பு இருக்குதுன்னு மொதல்ல பாரு, மத்தது அப்புறம்."

போன் நம்பர் என்று ஏன் சொன்னேன் என்றால், பெயரை அந்த நேரத்தில் நான் நம்பவில்லை. அவர் உட்கார்ந்தார். நான் பெரிய டாக்டர் அறைக்குப் போனேன்.

அவர் ஒரு குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்திருந்தார். "இன்னாம்மா, நேத்தே முடிஞ்சிட்டுதுன்னு சொன்னீங்க?"

"ஓடுது டாக்டர். ஆனா சில பேர அதுக்கு அடையாளம் தெரியல. கவுண்டர நிறுத்துங்க."

"எத்தன பேரு?"

"தெரியல."

"ஏன் தெரியல அதுக்கு?"

"அதுவும் தெரியல."

ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கும், ஏறாது. "வெளிய போய் பாருங்க. அவலூர்பேட்டைலேர்ந்து மொத பஸ்ல வந்து நிக்கிறவங்க இருக்காங்க. எத்தன பேருன்னு தெரியாது, ஏன்னு தெரியாது, ஆனா நிறுத்தணும். இதான நீங்க சொல்றது?"

"அதேதான் சொல்றேன். எத்தன பேருன்னு தெரிஞ்சிருந்தா நிறுத்தச் சொல்லவே மாட்டேன். ஒரு சீட்டுலயும் சிவப்புப் பட்டைய நம்பாதீங்க."

"ஊசி போடறதுக்கு முன்னாடி சிஸ்டர் வாயால கேப்பாங்க. அது இல்லாம யாரும் குத்த மாட்டாங்க" என்றார், ஆனால் கொஞ்சம் யோசனையோடு.

நான் பதில் சொல்வதற்குள் அந்தோணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "அக்கா, ஒருத்தர் சிவப்பு. கோ. ஏழுமலை. சிங்கவரம். காலையில புதுசுன்னு போட்ருக்காங்க. பென்சிலின் ஊசி ஆகாது, டெஸ்ட் டோஸுக்கே மயக்கம் ஆயிட்டாருன்னு இருக்குது."

டாக்டருக்கு அந்தப் பெயர் ஞாபகம் வந்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது. "கால்ல உழவு டில்லர் கிழிச்சிட்டு வந்தாரே" என்று சொல்லிக்கொண்டே இன்டர்காமை எடுத்து ஊசி ரூமைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கையில் ஊசி இருக்கிற சிஸ்டர் போனை எடுக்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெளியே, அந்தோணி சொல்லிவிட்டு வந்திருந்ததால், செல்வி எழுந்து நின்று, "ஏழுமலை! ஏழுமலை!" என்று கத்தினார். ஹாலில் நான்கைந்து பேர் எழுந்து நின்றார்கள். எங்கள் ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அப்படித்தான். "சிங்கவரம் ஏழுமலைங்க!" என்றார். எழுந்தவர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் "நான் மேல்மலையனூருங்க" என்றார்.

டாக்டர் எனக்கு முன்னால் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். ஊசி ரூமில் ஓர் ஆள் முழங்காலுக்குக் கீழே கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையைச் சுருட்டி, முன்கையை மேஜை மேல் நீட்டியிருந்தார். சிஸ்டர் அந்தக் கையில் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். மறு கையில் சின்ன ஊசி.

"சிஸ்டர், வைங்க கீழ" என்றார் டாக்டர்.

"டெஸ்ட் டோஸ்தான் டாக்டர்."

"அவருக்கு அதுவே ஆகாது."

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "கேட்டேன் டாக்டர். ஏதாச்சும் ஒத்துக்காதான்னு கேட்டுட்டு, ஸ்கிரீனையும் பாத்தேன். ஒண்ணும் இல்ல டாக்டர்."

டாக்டர் அந்த ஆள் பக்கம் திரும்பினார். "ஏன்யா, போன வாட்டி செத்துப் பொழச்ச. வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?"

ஏழுமலை கையை மேஜையிலிருந்து எடுக்காமலே பதில் சொன்னார். அந்தப் பதிலை நான் இத்தனை வருஷத்தில் மறக்கவில்லை. "சிஸ்டர் கேட்டாங்க சார். எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கீங்களே, அதுல பாருங்கன்னேன். பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னாங்க. சரி, கம்ப்யூட்டரே இல்லன்னு சொல்லுதே, அந்தத் தொல்ல நம்மள வுட்டுப் போச்சு போலன்னு நெனச்சேன்."

டாக்டர் அவர் தோளில் கை வைத்து, "வுட்டுப் போவலய்யா" என்றார். வேறு மருந்து எழுதினார். எனக்கு அழுகை வந்தது. உண்மையைச் சொல்வதில் என்ன இருக்கிறது, வராண்டாவில் போய் நின்று அழுதேன், முகத்தைக் கழுவிக்கொண்டு சர்வர் அறைக்கு வந்தேன்.

பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் பெயர்களை அருகருகே வைத்துப் பார்த்ததில் கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. நாம் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுகிறவர்கள். கோ, பிறகு ஒரு புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு ஏழுமலை. டேட்டாபேஸ் பெயரை வேகமாகத் தேடுவதற்காக எல்லாப் பெயரையும் அகர வரிசையில் அடுக்கி இன்டெக்ஸ் என்று ஒன்று வைத்திருக்கும். பழைய கன்டெய்னரின் வரிசை விதியில் அந்தப் புள்ளியும் இடைவெளியும் இல்லாத மாதிரி. புது கன்டெய்னருக்குள் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் அந்த விதி மாறிவிட்டது. அதற்குப் புள்ளியும் ஓர் எழுத்து மாதிரி. அடுக்கியது பழைய விதிப்படி, தேடுவது புது விதிப்படி. ஏழுமலை உள்ளேயேதான் இருந்தார். அவர் இல்லாத இடத்தில் போய்த் தேடிவிட்டு, இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தேடிப் பார்த்த மூன்று பேர்? செல்வி, அந்தோணி, நான். மூன்று பேர் சீட்டிலும் இனிஷியல் கிடையாது. தெரிந்தவர்கள் என்று செல்வி எங்களுக்கு வெறும் பெயரை மட்டும் ஏற்றி வைத்திருந்தார். எண்ணிக்கையும் சரி, எங்கள் பெயரும் சரி. மயங்கி விழுந்த ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டால் போதுமா? எதிரே நிற்பது யாரென்று தெரிகிறதா எனக் கேட்க வேண்டாமா? கேட்டோம்தான், வீட்டு ஆட்களை மட்டும் காட்டிக் கேட்டோம்.

பெரிய டாக்டர் சர்வர் அறை வாசலில் வந்து நின்றார். "பழசுக்கே போயிருங்க. புதுசும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

அது நியாயமான பேச்சுதான். பழைய டேட்டா அப்படியே கையில் இருக்கிறது, ஒரு நொடியில் திரும்பலாம். ஆனால் அந்தக் காலையில் நிஜமாகவே புதிதாக வந்தவர்கள் இருந்தார்கள், வார்டில் கொடுத்த மருந்தெல்லாம் புதியதில் ஏறியிருந்தது. திரும்பினால் அவர்களை எல்லாம் நாமே இல்லாமல் ஆக்கியது போல ஆகும். காரணம் தெரியாமல் இருந்தபோது கவுண்டரை மூடச் சொன்னேன். காரணம் தெரிந்த பிறகு பயந்து ஓடுவதில் அர்த்தம் இல்லை என்று பட்டது. "பழசு எங்கயும் போவாது டாக்டர், பக்கத்துலயே இருக்குது. இத சரி பண்ணிப் பாக்குறேன். முடியலன்னா நீங்க சொன்னபடி" என்றேன்.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"நீங்க கேக்கக் கேக்க ஒரு நிமிஷம் கூடும்."

போய்விட்டார். முதலில் புதியதில் இன்னொரு நகல் எடுத்து, அதில் இன்டெக்ஸ் முழுவதையும் புது விதிப்படி திரும்ப அடுக்கினோம். கோ. ஏழுமலையைத் தேடினோம், வந்தார். காலையில் வராத, இனிஷியல் போட்ட அந்த முருகனும் வந்தார். பிறகுதான் நிஜத்தில் கை வைத்தோம். அதுவரை கவுண்டரில் செல்வி வெள்ளைத் தாளில் பெயர் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஒவ்வொருவரிடமும், "கம்ப்யூட்டர வுடுங்க, நீங்க வாயால சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் பூராவும் அந்தோணியும் செல்வியும் உட்கார்ந்து இரட்டைச் சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். ஒரு வீட்டுக்கு ஒரு போன் என்பதால் நம்பரை மட்டும் வைத்துச் சேர்க்க முடியவில்லை, சில பேருக்கு போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அப்பன் சீட்டை மகன் சீட்டோடு சேர்த்துவிடாதே என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் ஆபீஸில் சில வழக்கங்கள் மாறின. வெர்ஷன் மாற்றும்போது கன்டெய்னருக்குள் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் என்பதையும் பார்த்தோம். அது மாறினால் எழுத்தை வைத்து அடுக்கிய இன்டெக்ஸ் எல்லாவற்றையும் திரும்ப அடுக்காமல் வாசலைத் திறப்பதில்லை. சோதித்துப் பார்க்க எங்கள் பெயர் வேண்டாம் என்று ஆனது. இனிஷியல் உள்ளவர், இரண்டு இனிஷியல் உள்ளவர், பெயருக்கு நடுவில் இடம் விட்டவர், பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்து எழுதியவர், இப்படிப்பட்ட ஆட்களாகப் பார்த்துத் தேடினோம். அந்தோணி போனில் முதலில் "பேரு இன்னா?" என்று கேட்கப் பழகினார். ழ போட்டுப் பாருங்க என்று சொல்ல வாய் வரும், பாதியில் நிறுத்திக்கொள்வார். தெரிந்த ஒரு தொல்லை இருந்தால், அதன் பின்னால் தெரியாத தொல்லை வந்து சௌகரியமாக ஒளிந்துகொள்ளும். உங்கள் ஆபீஸிலும் அப்படி ஒரு ரெடிமேட் பதில் இருக்கும். அது என்னவென்று இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

சில மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வேறு ஏதோ வேலையாகப் போயிருந்தேன். கவுண்டரில் செல்வி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஏழுமலை வந்தார். கால் ஆறிவிட்டிருந்தது, இந்தத் தடவை காய்ச்சல். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை.

"பழசா புதுசா?" என்றார் செல்வி.

"பழசுதாம்மா. கோ. ஏழுமலை, சிங்கவரம்."

செல்வி டைப் அடித்தார். ஸ்கிரீனில் பெயர் வந்தது, மேலே சிவப்புப் பட்டை வந்தது. ஏழுமலை கவுண்டர் மேல் எக்கி, தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார்.

"அது இன்னாம்மா செவப்பா?"

"உங்களுக்கு அந்த ஊசி ஆகாதுல்ல, அதாங்க."

"இன்னும் இருக்குதா?"

"இருக்குதுங்க."

அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. சீட்டை வாங்கிக்கொண்டு நாலடி போனார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

"செரி, இருந்துட்டுப் போவட்டும்" என்றார். "அழிச்சிடாதீங்க."